ஏப்ரலில் செத்த மரம்

ஏப்ரல் இருபத்தாறு. காலையிலிருந்து தூறல்.
ஓட்டம்வா நகராட்சி வண்டியில்
நானும் எட்டு பெயின்ட் டப்பாக்களும்.
நான் ஆரஞ்சில் பெருக்கல் குறி போட்டால்
பத்து நாளில் அங்கே ரம்பம் வரும்.
உனக்கு மரம் தெரியுமா என்று
வேலைக்கு எடுத்தபோது யாரும் கேட்கவில்லை.
வண்டி ஓட்டத் தெரியுமா என்றார்கள்.

மேப்பிள் துளிர்த்துவிட்டது.
ஓக்கின் நுனியில்கூடச் சிவப்பாய் ஏதோ.
கிரெகர்சன் தெரு முனையில்
இது மட்டும்
தடித்த விரல்களை விரித்துக்கொண்டு,
சுள்ளி இல்லை, மொட்டென்று சொல்ல ஒன்றுமில்லை,
கம்பி அறுத்துக்கொண்டு போன மின்கம்பம் மாதிரி.
பட்டையை நகத்தால் கீறிப் பார்க்க மறந்துவிட்டேன்.
மறக்கவில்லை.
கையுறையைக் கழற்றச் சோம்பல்.
குறி போட்டேன்.

திரும்பி நடக்கையில் பூட்ஸுக்கடியில்
நொறுக்கென்றது.
பக்கத்திலேயே உடையாமல் இன்னொன்று:
பழைய பெல்ட்டின் நிறத்தில் ஒரு நெற்று,
உள்ளங்கை நீளம், நல்ல கனம்.
ஆட்டினால்
யாரோ உள்ளே உட்கார்ந்து
சில்லறை எண்ணுகிற சத்தம்.

ஹீட்டரைப் போட்டு மடியில் வைத்துப் பார்த்தேன்.
ஹனி லோகஸ்ட் நெற்று இன்னும் நீளம், மெலிசு,
ரிப்பன் போல முறுக்கிக்கொள்ளும். இது முறுக்கவில்லை.
கட்டல்பா பென்சில் மாதிரி தொங்கும்.
ரெட்பட் வெறும் தாள், ஊதினால் போய்விடும்.
இதை ஊத முடியாது.
எறிந்தால் மண்டை உடையும்.
பிளந்தேன்.
பச்சையாய்ப் பிசுபிசுப்பு,
அதற்குள் நாலு விதை.
கோலிக்குண்டாகப் பார்த்துப்
பாதியில் மனம் மாறிப் பொத்தானானவை.
கத்தி வைத்தேன். கத்திதான் மழுங்கியது.

ஃபோனில் மேலதிகாரி லவோன்:
"கென்டக்கி காபி மரம்.
அந்தக் காலத்தில் வறுத்துக் குடித்தார்களாம்.
நீ வாயில் வைக்காதே, பச்சையாய் விஷம்."
எதையோ மென்று விழுங்கிவிட்டு,
"ஊருக்கே கடைசியாகத்தான் கண் விழிக்கும் அது.
மே பாதி தாண்டும்.
குறி கிறி எதுவும் போட்டுவைக்கவில்லையே?"

நான் வைப்பர் போய் வருவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டுக்காரி மார்லிஸ் ஆஸ்ட்ராண்டர்
குடையோடு வந்தாள். கோபம் இல்லை.
"நீங்கள் மூன்றாவது ஆள்," என்றாள்.
"முதல் ஆள் நீல பெயின்ட். அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள்,
இன்னும் இருக்கிறது."
போய்ப் பார்த்தேன். இருந்தது.
என் கையில் இருந்த நெற்றைக் காட்டி,
இதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் என்றேன்
கொஞ்சம் பெருமையாகவே.
சிரித்தாள்.
"இது ஆண் மரம். காய்க்காது.
காய்ப்பது பின்சந்தில், கராஜுக்குப் பின்னால்.
விட்டேகர் வீட்டுப் பையன்கள்
அங்கே பொறுக்கி இதன்மேல் எறிவார்கள்."

சாட்சி சொன்னது
சம்பந்தமே இல்லாத நெற்று.
தீர்ப்பு சரிதான்.

தின்னரும் இரும்புத் தூரிகையுமாய் ஒரு மணி நேரம்.
பட்டை சொரசொரப்பு, விடவில்லை.
கடைசியில் மேலே பழுப்பு அடித்தேன்.
இப்போது பழுப்பில் ஒரு பெருக்கல் குறி.

மே பத்தொன்பதாம் தேதி அந்த வழியே போக வேலை இல்லை.
போனேன்.
இலை வந்திருந்தது; இலையென்றால்
ஒவ்வொன்றும் ஒரு கிளை அளவு,
கூச்சமே இல்லாமல்.
வண்டியை நிறுத்தவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தேன்.

விதை நாலும் டாஷ்போர்டில் கிடக்கின்றன.
அரம் வைத்துத் தேய்த்தால்தான் முளைக்குமாம்.
அரம் வீட்டில் இருக்கிறது.
ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்போது மட்டும்
எண்ண ஆரம்பிக்கின்றன.